நங்கையா, பொங்கலுக்கு நாகப்பட்டினம் போகிறேன்

என் உயிரான நங்கையாவுக்கு,

உயிரான என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திவிட்டேன். நீங்கள் இருந்தவரை இப்படி ஒரு வார்த்தை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "ஏ அம்முணி, காச்சலா உனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நாளை மறுநாள் கிளம்புகிறேன். நாகப்பட்டினத்தில் சைக்கிளை இறக்கி, வேளாங்கண்ணி, வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை. மூன்று நாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட அதே வழிதான். போகப்போவது நான் மட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். வெளியூரில் நாத்தனார் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஒரு சண்டைக்கதைக்குத் தயாராகி உட்கார்ந்து கொள்வார்கள். உட்காரட்டும். சண்டையும் வரும்.

நீங்கள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த இருபத்து நான்கு வருஷமும் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒரே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். நான் ஓவர்லாக் மிஷினில் தைப்பேன். நீங்கள் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வந்த பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிப்பீர்கள். நான் தைத்ததையே என் முகத்துக்கு நேராகத் திருப்பி அனுப்புவீர்கள். "சொந்தமெல்லாம் ஊட்டுல வெச்சுக்க அம்முணி" என்று ஒரு விளக்கம் வேறு. அதற்காக நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. சைக்கிளில் பேசாமலே பக்கத்தில் பக்கத்தில் போவோம்.

எல்லோரும் ஸ்கூட்டிக்கு மாறிய பிறகும் நாம் சைக்கிளை விடவில்லை. போகும்போதும் வரும்போதும் நீங்கள்தான் வலப்பக்கம். லாரிக்காரன் உரசினால் உங்களை உரசட்டும் என்ற கணக்கு. இப்போது வலப்பக்கத்தில் யாருமில்லை. சாயப்பட்டறை லாரி ஒன்று போன வாரம் என் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது. உங்கள் டேபிளில் இப்போது வேறு ஒரு அம்மா. நல்ல மாதிரிதான். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கடல் ஆசை எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? திருச்செந்தூருக்கு வேன் பிடித்துப் போனோமே, அப்போதுதான். சாமி கும்பிட்டு முடித்துக் கடற்கரைக்கு வந்து காலை நனைத்ததும் வேன்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த கோயில் நடை சாத்திவிடுமாம். நனைந்த புடவையோடு ஓடிவந்து ஏறினோம். வேனில் உட்கார்ந்ததும் உங்களுக்கு வந்ததே கோபம். "கடலு என்ன கறிக்கடையா, நின்னு வாங்கீட்டு ஓடறதுக்கு? பக்கத்துலயே நாள் பூரா போகோணும். நம்ம சைக்கிள்லயே போகோணும்" என்றீர்கள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த மறுநாளே நீங்கள் வழி விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

உங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். மேடே இருக்கக் கூடாது. இருபது வருஷம் டேபிள் ஓரம் நின்றே தேய்ந்த முட்டி. கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். நம் ஊர் ரோடோ ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். ஆபீஸில் நாலைந்து தாளில் அச்செடுத்து வாங்கி, செல்லோடேப் போட்டு ஒட்டிய அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளிலேயே விரிப்பீர்கள். பீஸில் குறை இருக்கிற இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, ஏற்றம் என்று கேள்விப்பட்ட இடத்திலெல்லாம் ஒட்டுவீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் மொத்தமே மூன்று ஸ்டிக்கர்தான். மூன்றும் ஆற்றுப் பாலம். "எறங்கித் தள்ளீட்டுப் போயிக்கலாம். பீஸு பாஸு" என்று சொல்லி வரைபடத்தை மடித்தீர்கள்.

வழி சரி. நாள்தான் நம்மைக் கவிழ்த்தது.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு முழுசாக ஒரு வாரம் லீவு என்றால் அது தீபாவளிக்குத்தான். போனஸ் கொடுத்துக் கேட்டைச் சாத்திவிட்டால் ஊரே காலியாகிவிடும். தெற்கத்திக்காரர்கள் தெற்கே, வடக்கத்திக்காரர்கள் வடக்கே போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும் வெறிச்சோடிய தெருவில் நிற்போம். அந்த வாரம்தான் தோது என்று முடிவு செய்தோம். முதல் வருஷம் பையெல்லாம் கட்டிவிட்டோம். நம் தலைக்கு மேலே வெயில் பளிச்சென்று அடிக்கிறது. டிவியைப் போட்டால் நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். சரி, இந்த வருஷம் நேரம் சரியில்லை என்று பையைப் பிரித்தோம். அடுத்த தீபாவளிக்கும் கட்டினோம். அடுத்த தீபாவளிக்கும் கூண்டு.

மூன்றாவது வருஷம்தான் தேவி வேலைக்குச் சேர்ந்தாள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு வீடு. அம்மா உப்பளத்தில் வேலை. நம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்னக்கா, தீபாவளிக்கா போறீங்க? ஐப்பசி கார்த்திகையில எங்கூருல வீட்டை விட்டு வெளியில வர முடியாதுக்கா. மழையில்ல கொட்டும்!" என்றாள். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்தாறு தூறல் விழுந்தாலே மழை என்று சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, லீவு இருக்கிற நாளைப் பார்த்தோமே தவிர அங்கே வானம் எப்படி இருக்கும் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. "துணியில ஓட்டை எங்கிருந்தாலும் கண்டுபுடிச்சிருவேன் அம்முணி. மாசத்துல இத்தாப் பெரிய ஓட்டை, தெரியாமப் போச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

தேவி இன்னொன்றும் சொன்னாள். "தை மாசம் வாங்கக்கா. வாடைக்காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளிவிடும். ஆனா ஒண்ணு, ரோட்டுல இருந்து பாத்தா கடல் தெரியாது. உப்பளமும் கருவேலங்காடுந்தான். அங்கங்க உள்ள திரும்பிப் போனாத்தான் கடல்." எனக்குச் சப்பென்று போய்விட்டது. உங்களுக்கு இல்லை. "பக்கத்துல இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதாதா கண்ணு?" என்று அவளிடம் கேட்டீர்கள்.

தை மாசம் என்றால் பொங்கல் லீவு. பொங்கல் என்றால் நம் வீட்டில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மூலனூர்ப் பக்கம் உங்கள் சித்தப்பா தோட்டத்தில் மாடுகளுக்குப் பட்டிப் பொங்கல். பங்காளி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். மூன்று நாளும் நமக்கு அடுப்படியில்தான் குடித்தனம். பெண்பிள்ளைகளுக்குத் தீபாவளியாவது லீவு. பொங்கல் வேலை நாள்.

இனி சண்டைக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு முந்தின நாள். நீங்கள் கீழே உட்கார்ந்து பொரியலுக்கு அரசாணிக்காய் அரிந்துகொண்டிருந்தீர்கள். நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு ஒடிகிற வேலை, எரிச்சல் தலைக்கேறியிருந்தது. நீங்கள் மெதுவாக, "அடுத்த வருசம் நோம்பிய அவங்களே பாத்துக்கட்டும். நாம கெளம்பிரலாமா அம்முணி?" என்றீர்கள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. "உங்களுக்கென்னங்க நங்கையா, புருசனா புள்ளையா? உங்களுக்குன்னு யாரிருக்கறாங்க? சைக்கிள எடுத்தா ஆச்சு. எனக்கு அப்புடியா?" என்றேன்.

நீங்கள் அரிவதை நிறுத்தவில்லை. "அதுஞ் செரிதான்" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் எப்போதும்போல எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டீர்கள். லீவு முடிந்து கம்பெனிக்குப் போகும்போதும் எப்போதும்போல வலப்பக்கம் வந்தீர்கள். வரைபடத்தை மட்டும் அதற்கப்புறம் விரிக்கவில்லை. கடல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் சொல்லிவிடலாம், ஒரு நாள் தப்பு என்று சொல்லிவிடலாம் என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். கூடவே இருக்கிறவரிடம் மன்னிப்புக் கேட்க அப்படி என்ன அவசரம் என்று நினைத்திருந்தேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை செக்கிங் டேபிளில் கிறுகிறுவென்று வருகிறது என்று உட்கார்ந்தீர்கள். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில்தான் இருந்தது. அப்போதாவது காதில் சொல்லியிருக்கலாம். "நங்கையா, நங்கையா" என்று கூப்பிடத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த சனம் எல்லாம் உங்கள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டது. நியாயம்தான், கூடப் பிறந்தவர். என்னிடம் வந்தவர்கள் காபி கேட்டார்கள். "பெரியவுங்களுக்குச் சக்கரை போடாம ஒண்ணு" என்றார்கள். மூன்று நாளும் ஐம்பது பேர், அறுபது பேர் என்று காபி போட்டேன். அடுப்புக்கு முன்னால் நின்று அழுதால் புகை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், கேஸ் அடுப்பில் ஏது புகை? அழாமலே போட்டேன். பக்கத்து மிஷின் அக்கா ஆறுதல் சொல்ல வந்தது. "நாத்தனாள் தொந்தரவு இல்லாம இனி நிம்மதிதானுங்களே?" என்றது. அந்த அக்கா கெட்டவள் இல்லை. தம்பி பெண்டாட்டி துக்கப்படுவாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. பொங்கலும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரைக்கும் நோம்பி கொண்டாடக் கூடாது அல்லவா? வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டுவது, தோட்டத்துக்குப் போவது ஒன்றும் கிடையாது. மார்கழி பாதியில் கம்பெனியில் பொங்கல் லீவு எத்தனை நாள் என்று எழுதிப் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பொங்கலுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. வானமும் சரி, காற்றும் சரி, லீவும் சரி. எல்லாம் கூடி வந்திருக்கிறது, நீங்கள் செத்துப்போனதால். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் நின்று அழுதேன். எனக்கு இப்படி ஒரு லீவு வேண்டும் என்று யார் கேட்டார்கள், நங்கையா?

உங்கள் தம்பியிடம் சொன்னேன். டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டார். "சாவு உளுந்த ஊடு. வருசந் திரும்புல. நீ சைக்கிள எடுத்துட்டு ஊரு சுத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க புள்ள?"

"அந்த நாலு பேருக்கும் நாந்தானுங்க காப்பி போட்டுக் குடுத்தேன். பேசட்டுமுங்க" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. உங்கள் வீட்டு ஆட்களுக்கு அது ஒன்று நன்றாக வரும். மூன்றாவது நாள் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "நாகப்பட்டணம் வரைக்கும் டெம்போவுல நா உட்டுட்டு வாரேன். வெடியாலயே கெளம்பீரலாம். மூணாம் நாளு கோடியக்கரைக்கு வந்து கூட்டிக்கறேன்" என்றார். "நீங்களும் வாங்களே, நங்கையா சைக்கிள் சும்மாதான நிக்குது" என்றேன். பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "அக்கா எங்கிட்டக் கேக்கவே இல்லியே புள்ள" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். பொறாமையா, வருத்தமா என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாள் வேளாங்கண்ணி வரை மட்டும். இரண்டாம் நாள்தான் நீளம். திருப்பூண்டி வழியாக நிறுத்தி நிறுத்திப் போய் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தேவி வீட்டில் தங்கப் போகிறேன். மூன்றாம் நாள் கோடியக்கரை. அவள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நேற்று அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"போன வருசமே பெரியக்காவை நான் கூப்பிட்டேன்க்கா. பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள் லீவு மிச்சம் இருந்துச்சுல்ல, நான் ஊருக்குப் போறேன், எங்கூட வாங்க, சைக்கிள் அங்கயே வாங்கித் தரேன்னு சொன்னேன். மாசியில ஒரு தடவை மறுபடியும் கூப்பிட்டேன். வரலைன்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அம்முணி வாரப்ப வாரேன் கண்ணு, அவ இல்லாம எப்புடின்னு சொன்னாங்கக்கா."

நான் அப்படிப் பேசிய பிறகு. பேசி ஒரு வாரம்கூட ஆகாதபோது ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. புருஷனில்லை, பிள்ளையில்லை, சைக்கிளை எடுத்தால் போய்விடலாம் என்று நான் சொன்னேன். போயிருக்கலாம் நீங்கள். கடலைப் பார்த்திருக்கலாம். பகலெல்லாம் அதன் பக்கத்திலேயே மிதித்திருக்கலாம். முட்டி வலித்திருக்கும், பரவாயில்லை. எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள். அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. ஏன் நங்கையா? சொன்னால் எனக்கு வலிக்கும் என்றா? இல்லை, நானே வந்து கேட்கட்டும் என்றா?

வழியைப் பற்றிப் பயமில்லை. பஞ்சர் ஒட்டத் தெரியும். பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொள்வேன். பேச ஆளில்லாமல் மூன்று நாள் மிதிப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. உப்பு மலை மலையாகக் குவித்திருப்பார்களாம், வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்குமாம். பார்த்ததும் வலப்பக்கம் திரும்பி, "பாருங்க நங்கையா" என்று சொல்லத்தான் போகிறேன். சொன்ன பிறகு என்ன செய்வது? அதற்கு ஒரு வழியும் போட்டு வைக்கவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் செய்வேன். கோடியக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உங்கள் தம்பி வந்து சேருவதற்கு முன்னால், முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்குவேன். அங்கே காற்றுப் பலமாம், பக்கத்தில் நிற்பவர்களுக்கே கேட்காதாம். நல்லதாகப் போயிற்று. தப்புங்க நங்கையா என்று வாய்விட்டுச் சொல்வேன். தொண்டை வறளும் வரைக்கும் சொல்வேன். உங்களுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டேனே, அதற்குப் பதிலையும் நானே சொல்வேன். நான் இருந்தேன், நங்கையா. நான்தான் இருந்தேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
அம்முணி